மதர்போர்டில் மிச்சம், கிராபிக்ஸ் கார்டில் செலவு

கேமிங் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு வாங்கும்போது விலை கூடிய இசட் (இன்டெல்), எக்ஸ் (ஏஎம்டி) வரிசைகளை விட்டுவிட்டு இன்டெல் பி760, ஏஎம்டி பி650 போன்ற ‘பி’ வரிசையில் ஒன்றை எடுங்கள். மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

இந்த போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தும் முதல் ஸ்லாட் நேராக பிராசசரோடு இணைகிறது, போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட் வழியாகப் போவதில்லை. அதனால் அதே பிராசசர், அதே கார்டு என்றால் போர்டை மாற்றினாலும் கேமின் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வராது. கூடுதல் காசு பெரும்பாலும் அதிகப்படி யுஎஸ்பி, எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி பொருத்தும் இடம்), அப்புறம் கலர் விளக்குகளுக்குத்தான் போகிறது.

ஒன்றை மட்டும் போர்டின் படத்திலேயே பார்த்துவிடுங்கள்: பிராசசர் சாக்கெட்டை ஒட்டியுள்ள பவர் பகுதியின் மேல் சூட்டைத் தணிக்கும் உலோக ஹீட்சிங்க் இருக்க வேண்டும். அது மொட்டையாக இருந்தால், மின்சாரம் அதிகம் இழுக்கும் பிராசசரைப் போட்டு நெடுநேரம் விளையாடும்போது சூடேறி வேகம் குறையலாம். உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிப்பு தேவை என்பது தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும், அதையும் சரிபாருங்கள்.

பெயரில் ‘கே’ உள்ள இன்டெல் பிராசசரை ஓவர்கிளாக் செய்யப் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்) போகிறவர்களுக்கு ‘பி’ வரிசை ஒத்துவராது, அவர்களுக்கு இசட் வரிசைதான் சரி. ஏஎம்டியில் அந்தக் கவலை இல்லை, பி650 போர்டிலேயே ஓவர்கிளாக் செய்யலாம்.