வெளிநாட்டுல சின்னப் பசங்களுக்கு கிராஃப்ட் சொல்லித்தரப் போறீங்களா?

வாலன்டியரா போறவங்க நிறைய பேர் பெட்டி முழுக்க கிராஃப்ட் சாமானா அடுக்கிட்டுப் போறாங்க, அவ்ளோ தேவையே இல்லங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஸ்கூல் டீச்சர்கிட்ட அங்க என்ன இருக்கு, ஒரு கிளாஸ்ல எத்தனை பசங்க, டேபிள் இருக்கா இல்ல தரையில உக்காருவாங்களான்னு கேட்டுருங்க. பழைய நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டி, காஞ்ச இலை இதெல்லாம் எங்க போனாலும் கிடைக்கும், நீங்க ஊர் திரும்பினப்புறமும் டீச்சர் அதை வச்சே தொடர்ந்து செய்யலாம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. முனை மழுங்கின கத்தரிக்கோல் கொஞ்சம், க்ளூ ஸ்டிக், அது போதும். இடது கைப் பசங்களும் இருப்பாங்க, அதனால ரெண்டு கைக்கும் ஒத்துவர்ற கத்தரிக்கோலா பாத்து வாங்குங்க, அதை செக்-இன் பெட்டியில போட்டுருங்க, கைப்பையில இருந்தா செக்யூரிட்டில எடுத்து வச்சுக்க வாய்ப்பு இருக்கு.

பாஷை தெரியலன்னு பயப்படாதீங்க, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு சாம்பிள் செஞ்சு வரிசையா வச்சுட்டா பசங்க பாத்தே பிடிச்சுக்குவாங்க. கோணலா ஒட்டினாலும் தயவுசெஞ்சு நீங்க கை வச்சு திருத்தாதீங்க, அது அவங்க செஞ்சது. ரொம்ப குட்டிப் பசங்கன்னா பாசிமணி, பட்டன் வேணாம், வாயில போட்டுருவாங்க. பசங்க முகம் தெரியுற போட்டோவை ஸ்கூல்லயும் பெத்தவங்ககிட்டயும் கேக்காம எங்கயும் போடாதீங்க.