வாங்காத கடன் சிபில் அறிக்கையில் இருந்தால்

சிபில் என்பது நம் கடன் வரலாற்றைத் திரட்டி வங்கிகளுக்கு அறிக்கையாகத் தரும் நிறுவனம். அந்த அறிக்கையில் நீங்கள் வாங்காத கடன் ஒன்று இருந்தால், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தொகை சிறியதாக இருக்கும்போதுதான் கட்டிவிடத் தோன்றும். "மூவாயிரம்தானே, கட்டித் தொலைத்துவிட்டால் வீட்டுக் கடன் கிடைத்துவிடும்" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். கட்டினால், அந்தக் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் மற்றவர்களின் அறிக்கைகளைப் படித்தவள் நான். அந்த ஒரு சொல்லைக் கண்டதும் அதிகாரியின் பேனா நின்றுவிடும்.

சிறிய தொகையாகத்தான் பெரும்பாலும் வரும். நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கியதாக 2022 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டாயிரம், ஐயாயிரம் என்றால் செயலி வழியாகக் கடன் தருகிறவர்கள் அதிகம் துருவுவதில்லை. திருடனுக்கு அது வசதி.

என் நாத்தனார் மகள் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. வீட்டுக் கடன் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் அவள் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். எல்லோரும் அதிலுள்ள கடன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது தொடர்பு விவரங்களை. பெயர், பிறந்த தேதி, பான் எல்லாம் அவளுடையவை. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு கைப்பேசி எண்ணும், அவள் கால் வைத்தே இராத மாநிலத்து முகவரி ஒன்றும் இருந்தன. அடுத்து கணக்குப் பகுதி: 18,000 ரூபாய் தனிநபர் கடன். தவணை தவறிய நாட்கள் மாதத்துக்கு மாதம் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போயிருந்தன. கடைசியில் விசாரணைப் பகுதி. அதே மாதத்தில் வேறு இரண்டு நிறுவனங்களும் அவள் அறிக்கையைக் கேட்டு வாங்கியிருந்தன. அதாவது, திருடன் அங்கேயும் முயன்றிருக்கிறான். இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள். இன்னும் கணக்காக மாறாத மோசடி இங்கேதான் முதலில் தெரியும்.

சிபில் மட்டும் போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் எடுத்து, சேமித்து, அச்செடுத்து வையுங்கள். திருத்தம் நடந்த பிறகு பழைய அறிக்கைதான் உங்கள் சாட்சி.

இனி கடிதம். சிபில் நிறுவனம் ஒரு கண்ணாடிதான். கடன் கொடுத்தவர் அனுப்பியதைக் காட்டுகிறது. அவர் சம்மதிக்காமல் அதனால் ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது. ஆகவே கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்கு மதிப்பில்லை. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மேற்கண்ட கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. தொகை என் கணக்கு எதற்கும் வரவில்லை. கடன் விண்ணப்பம், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், எடுக்கப்பட்ட புகைப்படம், ஓடிபி அனுப்பப்பட்ட கைப்பேசி எண், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் விவரம் ஆகியவற்றைத் தரவும். இந்தக் கடனை என் பெயரிலிருந்து நீக்கி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கவும்."

இதில் உயிர்நாடி அந்த வங்கிக் கணக்குக் கேள்வி. செயலி வழிக் கடன் என்றாலும், சில விலக்குகள் தவிர, பணம் கடன் வாங்கியவரின் சொந்தக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்துவிட்டது. உங்கள் கணக்குக்கு வரவில்லை என்றால் யார் கணக்குக்குப் போனது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். பாரம் அவர்கள் தோளுக்கு மாறிவிடுகிறது. அந்த மாதத்து வங்கிக் கணக்கு அறிக்கையை இணைப்பாக வைத்துவிடுங்கள்.

கூடவே காவல்துறை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். உங்கள் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். காவல் நிலையத்திலும் எழுத்துப் புகார் கொடுங்கள். எஃப்ஐஆர் உடனே போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். என்னும் புகார் பெற்றதற்கான ரசீதாவது இல்லாமல் எழுந்து வராதீர்கள். அடுத்தவரின் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் புகாரில் எழுதலாம். ரசீதின் நகல் போனதும் நிறுவனத்தின் பேச்சில் மரியாதை கூடும். இதை நேரில் பார்த்தேன்.

அதே வாரத்தில் அறிக்கை கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் ‘டிஸ்பியூட்’, அதாவது மறுப்பு, பதிவு செய்யுங்கள். ‘தொகை தவறு’ என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ‘இந்தக் கணக்கு என்னுடையது அல்ல’ என்பதே சரி. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் கடனை ஏற்றுக்கொண்டு தொகையை மட்டும் மறுப்பதாகிவிடும். தெரியாத எண்ணையும் முகவரியையும் நீக்கும்படி தனியாகக் கேளுங்கள்.

புகாரை முப்பது நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் திருத்தத்தை அனுப்பாவிட்டால் இழப்பீடு அவர் தலையில். அனுப்பியும் முடிக்காவிட்டால் தகவல் நிறுவனத்தின் தலையில். எனவே தேதி முக்கியம். நினைவூட்டல் கடிதத்தின் முதல் வரியிலேயே புகார் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணை அழையுங்கள்.

இடையில் வசூல் முகவர்கள் அழைப்பார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வாக்குவாதம் வேண்டாம். புகார் எண்ணைச் சொல்லி, "எழுத்தில் அனுப்புங்கள்" என்று வைத்துவிடுங்கள். ஓடிபி, பிறந்த தேதி, ஆதார் எண் எதையும் ‘சரிபார்க்க’ என்று கேட்டாலும் தராதீர்கள். உறவினர்களுக்கு அழைத்து மிரட்டினால் அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து அதே புகாரில் சேருங்கள்.

கடன் நீக்கப்பட்டதும் நிறுவனத்திடமிருந்து ‘இந்தக் கடனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை’ என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். ‘கடன் முடிந்தது’ என்ற சான்றிதழ் வேண்டாம். அது நீங்கள் வாங்கி அடைத்ததாகப் பொருள்படும். எங்களுக்கும் முதலில் அதைத்தான் அனுப்பினார்கள். திருப்பி அனுப்பி, சரியான வாசகத்தோடு வாங்கினோம். வீட்டுக் கடனுக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது மேலாளர் கேட்டது அந்தக் கடிதத்தைத்தான்.

பிறகு சஞ்சார் சாத்தி என்னும் அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள்; தெரியாதது இருந்தால் அங்கேயே மறுக்கலாம். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவையுங்கள். ஆதாரைக் கொடுக்கும் இடத்தில் முடிந்தவரை முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியைக் கொடுங்கள். பான் ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எண்ணின் மேலேயே படும்படி எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.