படத்தை நிமிர்த்தினால் போதாது, நீள அகலமும் சரியாக வர வேண்டும்

மும்பை ஓவல் மைதானத்தில் நின்று ராஜாபாய் மணிக்கூண்டைப் போனில் எடுத்தால், கோபுரம் பின்பக்கம் சாய்வது மாதிரிதான் வரும். போனைக் குறை சொல்லிப் பயனில்லை. 85 மீட்டர் உயரமும் ஃப்ரேமுக்குள் வரட்டும் என்று போனை அண்ணாந்து பிடிக்கிறோம், உள்ளே படம் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிடுகிறது, நேராக நிற்கும் கோடுகள் மேலே போகப் போக நெருங்குகின்றன. முடிந்த மட்டும் பின்னால் தள்ளிப் போய் எடுங்கள், சாய்வு குறையும்.

க்ராப் செய்தால் இது சரியாகாது, ஓரத்தை எவ்வளவு வெட்டினாலும் கோணல் கோணல்தான். முதலில் நிமிர்த்த வேண்டும், அப்புறம் வெட்ட வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்களில் கொஞ்சம் பறிபோகும், அதனால் எடுக்கும்போதே இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் பர்ஸ்பெக்டிவ் என்ற கருவியே போதும். காலியாகும் மூலைகளை அதுவே நிரப்பவும் செய்யும். வானம், புல் என்றால் பரவாயில்லை, ஜன்னல் வரிசை இருந்தால் கண்றாவியாகிவிடும். உயரமான கட்டடத்தை முழுக்க நிமிர்த்தாதீர்கள், தலை பெருத்துத் தெரியும். துளி சாய்வு இருந்தால்தான் கண்ணுக்கு இயல்பு.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். கோடு நேரானாலும் கட்டடம் நெட்டையாகவோ குட்டையாகவோ மாறியிருக்கலாம். மணிக்கூண்டின் கடிகாரத்தைப் பாருங்கள், அது வட்டம். முட்டை வடிவில் தெரிந்தால் விகிதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியிலேயே ஆஸ்பெக்ட் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, வட்டம் வட்டமாகும் வரை அதை நகர்த்துங்கள்.

இதைவிட அதிகம் தேவைப்படுவது சுவரில் மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோவுக்குத்தான். மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஹாலில் இப்படி ஒன்றாவது தொங்கும். கண்ணாடியில் பால்கனி வெளிச்சம் அடிக்கும் என்று ஒதுங்கி நின்று எடுப்போம், நாலு மூலையும் நாலு திசைக்கு இழுத்துக்கொண்டு வரும். இதற்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். பர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, திசையை கரெக்டிவ் என்றும் கிளிப்பிங்கை கிளிப் என்றும் வைத்து, நாலு கைப்பிடிகளையும் போட்டோவின் நாலு மூலைகளில் பொருத்துங்கள். பெரிதாக்கிப் பார்த்துப் பொருத்துங்கள், மூலை கொஞ்சம் பிசகினாலும் முழுப் படமும் பிசகும்.

இப்போது படம் நேராகிவிடும், ஆனால் போனில் எடுத்த படத்தின் விகிதத்துக்கே இழுபட்டிருக்கும். 4000க்கு 3000 பிக்சலில் எடுத்திருந்தால், உள்ளே இருக்கும் போட்டோ எந்த அளவில் இருந்தாலும் 4000க்கு 3000தான் ஆகும். சுவரில் இருப்பது 12க்கு 10 அங்குலம் என்றால் எல்லோருக்கும் முகம் அகன்றுவிடும், கல்யாணப் படத்து மாமாக்கள் எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்கள். படத்தின் அளவை மாற்றும் ஸ்கேல் இமேஜில் போய், அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, உயரம் 3000 அப்படியே இருக்க அகலத்தை மட்டும் 3600 ஆக்குங்கள். 3000ஐ 10ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் வருவது அது. சரி, கணக்கு அவ்வளவுதான். இதற்காகத்தான் போட்டோ எடுக்கும்போதே டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். சட்டத்தை அளக்காதீர்கள், உள்ளே தெரியும் படத்தை மட்டும் அளந்தால் போதும்.

டேப் கையில் இல்லையென்றால் ஓர் ஏ4 தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே, அதன் மட்டத்துக்கே பிடிக்கச் சொல்லி, அதுவும் விழுகிற மாதிரி இன்னொரு படம் எடுங்கள். தாள் 210க்கு 297 மில்லிமீட்டர், அது எங்கே போனாலும் மாறாது. அந்தப் படத்தில், தாளுக்கு வெளியே இருக்கும் போட்டோ வெட்டுப்படாமலிருக்க கிளிப்பிங்கை மட்டும் அட்ஜஸ்ட்டுக்கு மாற்றிவிட்டு, தாளின் மூலைகளைப் பிடித்து நிமிர்த்தி, தாள் 210க்கு 297 ஆகும்படி அகலத்தைச் சரிசெய்தால் பக்கத்துப் போட்டோவின் விகிதமும் தெரிந்துவிடும். தரையில் இருக்கும் டைல்ஸை வைத்துச் சுவரைச் சரிபார்க்க முடியாது, இரண்டும் ஒரே பரப்பில் இருந்தால்தான் இது வேலைக்காகும்.