கடல் சூடாவதைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்மட்டம் உயர்வதற்கு வடதுருவத்தில் மிதக்கும் பனி உருகுவதே காரணம் என்று சொல்லிவிடுவது மிகப் பரவலான பிழை. மிதக்கும் பனி தன் எடைக்குரிய நீரை ஏற்கெனவே விலக்கிக்கொண்டுதான் மிதக்கிறது; ஆகவே அது உருகினால் மட்டம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்ததற்குக் காரணம், நிலத்தின் மேல் கிடந்த பனி கரைந்து கடலில் சேர்ந்ததும், சூடேறிய கடல்நீர் விரிந்ததுமே ஆகும்.

'ஒரு டிகிரிதானே' என்று அலட்சியமாகச் சொல்வது இதைவிடப் பெரிய தவறு. பவளப்பாறையைக் கட்டும் உயிரி, பெரும்பாலும் குண்டூசித் தலையளவோ அதைவிடச் சற்றுப் பெரியதோ ஆன மெல்லிய உடலைக் கொண்டது; அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளிச்சேர்க்கையால் அதற்குப் பெருமளவு உணவூட்டுகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால், அந்த உறவு முறிந்து பாசி வெளியேற, கண்ணாடிபோன்ற திசுவின் ஊடே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளத்தைச் செத்த பவளம் என்று எழுதுவது தவறு. அது பட்டினியில் இருக்கிறது, வெப்பம் விரைவில் தணிந்தால் மீளவும் கூடும். அதற்காக, பாறை மீண்டுவிட்டது என்ற செய்தியைக் கண்டு நிம்மதியடைவதும் சரியன்று. சீக்கிரம் வளரும் கிளைப்பவளங்கள் முதலில் பரப்பை நிரப்பிவிடும். அடுத்த வெப்ப அலையில் முதலில் சாகிறவையும் பெரும்பாலும் அவையே. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1998, 2002 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் 2016, 2017, 2020, 2022, 2024 எனப் பெருவெளிறல்கள் நெருங்கி வந்திருப்பதைப் பார்த்தால், மீள்வதற்கான இடைவெளியே சுருங்கிவருவது புரியும்.

மீன்களுக்குத்தான் துடுப்பு இருக்கிறதே, குளிர்ந்த நீரைத் தேடிப் போய்விடும் என்ற வாதம் பாதிதான் உண்மை. பல இனங்கள் துருவங்களை நோக்கி நகர்வது மெய்தான். ஆனால் நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அதே வேளையில் மீனின் உடலுக்கோ ஆக்சிஜனும் உணவும் அதிகம் தேவைப்படுகின்றன. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலில் 2018, 2019 ஆண்டுகளின் வெப்ப அலைக்குப் பிறகு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பனிநண்டுகள் காணாமற்போயின. அங்கிருந்த வெப்பநிலை அவற்றின் தாங்கும் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை. பசி கூடி, இரை போதாமல் பட்டினியால் அழிந்திருக்கக்கூடும் என்பதே 2023-இல் வெளியான ஆய்வின் முடிவு. எனவே ஓர் உயிரினம் தாங்கும் உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்து அது பிழைக்கும் என்று கணிப்பது ஆபத்தானது.

கடல் அமிலமாகிவிட்டது என்பதும் துல்லியமற்ற பேச்சு. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) இப்போது சுமார் 8.1, நீர் இன்னும் காரத்தன்மை உடையதே. மாற்றத்துக்குக் காரணம் வெப்பமன்று, நீரில் கரையும் கரியமில வாயு. பிஎச் மடக்கை அளவுகோல், அதாவது ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு மாற்றம் என்பதால், இந்தச் சிறு இறக்கம் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு உயர்வைக் குறிக்கிறது.

நீர் உயர்ந்தால் கடல்வாழ் உயிர்களுக்கு இடம் கூடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆமையின் முட்டைக்குழியை நினைத்துப் பார்க்கலாம்: கடல்நீர் புகுந்து நெடுநேரம் தேங்கினால் உள்ளே கரு மூச்சுமுட்டிச் சாகும், மணல் ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் சூடேறினால் பொரிப்பவை பெரும்பாலும் பெண்குஞ்சுகளாகவே இருக்கும். நீர் ஏறிக் கரை பின்வாங்கும்போது, தடை ஏதும் இல்லாவிட்டால் ஆமைகளும் அலையாத்திக் காடுகளும் நிலப்பக்கமாக நகரும். அங்கே சாலையோ கற்சுவரோ வழிமறித்து நின்றால், முன்னால் ஏறிவரும் நீருக்கும் பின்னால் நிற்கும் சுவருக்கும் நடுவே அவற்றின் இடம் ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கிப்போகிறது.