மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கயாக் (துடுப்புப் போடுகிற சிறு படகு) ஏறப் போகிறவர்களுக்கு

முதலில் காற்றைப் பாருங்கள். நோர்வூட் பக்கம் காலையில் அசையாமல் கிடக்கும் தண்ணீர், மத்தியானம் காற்று எழும்பினால் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அதனால் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவது காலையில்தான், அதுவும் பனிமூட்டம் விலகி எதிர்க்கரைத் தேயிலை தெரிந்த பிறகு. தை, மாசி நல்ல காலம். பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடியோடு மழை வரும். தென்மேல் பருவமழையில் வான் பாய்கிற நாட்களில் அணைக்கட்டுப் பக்கமே வேண்டாம். "இன்றைக்குச் சரியில்லை" என்று உங்களைத் திருப்பி அனுப்புகிற வழிகாட்டியை நம்பலாம்.

லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை இறுக்கியபின், அதன் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வழிகாட்டியிடம் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் சின்ன அளவு கேளுங்கள். நீந்தத் தெரியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஓரம் போகாதே என்று சொல்லித்தானே தேயிலைத் தோட்டத்தில் நம்மை வளர்த்தார்கள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சொன்னால்தான் உங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், குளிரும்.

துடுப்பைத் தலைமேல் வைத்துப் பிடியுங்கள். முழங்கை செங்கோணமாக மடங்குகிற இடம்தான் உங்கள் பிடி. பாதத்துக்கு நேரே தண்ணீரில் இறக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுங்கள். அதற்குப் பின்னாலும் இழுத்தால் படகு திரும்பிவிடும். கையால் மட்டும் இழுக்காதீர்கள், உடம்பைத் திருப்பி இழுங்கள். கொழுந்தெடுக்கிற அக்காமார் சிலர் வந்திருக்கிறார்கள். அவசரப்படாமல் தொடங்கி, திரும்பிக் கரை சேரும்வரை ஒரே சீராகப் போடுவார்கள், பார்க்கவே ஆசையாக இருக்கும்.

போகும்போது காற்றுக்கு எதிரே போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். நடுத்தண்ணீரைக் கடக்க ஆசைப்படாமல், மலை காற்றை மறைக்கிற ஒடுங்கிய குடாக்களுக்குள் கரையோரமாகப் போங்கள். தண்ணீர் வற்றிய காலத்தில் கரைச் சேற்றில் கால் புதையும், துடுப்பால் குத்திப் பார்த்து இறங்குங்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் போனால், நீர் குறையும்போது, அதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் தலைகாட்டும். சுவரில் படகை மோதவிடாதீர்கள். நம் ஆட்கள் கும்பிட்ட இடம் அது.

கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தாலும் அது மிதக்கும். கரை கிட்டத்தானே என்று நீந்தக் கிளம்ப வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். விசிலை மூன்று முறை ஊதுங்கள். வழிகாட்டி வந்து உங்கள் படகை நிமிர்த்தி, தன் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உங்களை ஏற்றுவார்.