பூச்சிகளின் இரவுப் பயணம்: விளக்கடியில் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

மழை விட்ட இரவில் சென்னையின் எந்தத் தெருவிளக்கைப் பார்த்தாலும் பூச்சிகள் மொய்க்கும். ‘பாவம், நிலா என்று ஏமாந்து வருகின்றன’ என்போம். இரவில் பூச்சிகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்பதை விளக்கடியில் வைத்துப் புரிந்துகொள்ளப் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

2024-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிவேக கேமராவில் பதிவு செய்து பார்த்தார்கள். பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பாயவில்லை. முதுகை அதன் பக்கம் திருப்பின. இரவிலும் தரையைவிட வானம் வெளிச்சமானது. அதற்கு முதுகைக் காட்டினால் உடல் தலைகீழாகாது. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் இதே பழக்கம் அவற்றை அங்கேயே சுற்றவைத்துவிடுகிறது. இதற்கும் திசை அறிவதற்கும் நேரடித் தொடர்பில்லை. அப்புறம், மழை விட்டதும் விளக்கில் மொய்க்கும் ஈசல் நெடுந்தூரம் வலசை போகும் பூச்சியே அல்ல. இணை தேடிப் புற்றைவிட்டுக் கிளம்புவது.

அடுத்த தவறு, வழிகாட்டுவது ‘நட்சத்திரமா, பூமியின் காந்தமா?’ என்று ஒன்றை மட்டும் தேடுவது. ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சியைப் பாருங்கள். வெயிலுக்குத் தப்பி 1,000 கி.மீ. வரை பறந்து மலைக்குகைகளுக்குப் போகிறது. அதற்கு முன் அந்த வழியில் போனதே இல்லை. கூட்டிப்போகப் பெற்றோரும் இல்லை. பூமியின் காந்தப்புலத்தையும் கண்ணில் படும் அடையாளங்களையும் அது சேர்த்துப் பயன்படுத்துவது 2018-ல் தெரிந்தது. 2025-ல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. காந்தப்புலத்தை நீக்கிவிட்டு நட்சத்திர வானத்தை மட்டும் காட்டினார்கள். சரியான திசையில் பறந்தது. வானத்தை 180 பாகை திருப்பினார்கள், அதுவும் திரும்பியது. நட்சத்திரங்களைக் கலைத்துப் போட்டபோது திசை தவறியது. மேகம் மூடிய இரவிலோ காந்தப்புலம் கைகொடுத்தது.

‘காற்று அடிக்கிற பக்கம் போகும்’ என்பதும் பாதி உண்மைதான். மண்டையோட்டு அந்துப்பூச்சிகளின் முதுகில் சிறு ரேடியோ கருவி பொருத்தி, ஜெர்மனியிலிருந்து ஆல்ப்ஸ் மலை வரை விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். பின்காற்றில் உயரே பறந்தன. எதிர்க்காற்றில் தரையை ஒட்டி, வேகத்தைக் கூட்டி, திசை மாறாமல் போயின. 2022-ல் வெளியான ஆய்வு இது. இந்த அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவிலும் உண்டு.

தட்டானை மறந்துவிடுவது இன்னொரு தவறு. நம் ஊரில் மழைக்கு முன் தாழப் பறப்பதைப் பகலில் பார்ப்பதால், அது பகலில் மட்டுமே பறக்கும் பூச்சி என்று நினைத்துவிடுகிறோம். அக்டோபரில் மாலத்தீவில் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் தட்டான்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகின்றன என்று கருதுகிறார்கள். நடுக்கடலில் உட்கார இடமில்லை. இருட்டினாலும் பறந்துதான் ஆகவேண்டும்.

மொட்டைமாடியில் பூச்சி பார்க்க விருப்பமா? நல்லது. வெள்ளைத் துணி கட்டி விளக்கு போட்டால், பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரியவிட்டால் அங்கேயே சுற்றிக் களைத்துப்போகும். காலையில் காக்கைக்கும் பல்லிக்கும் இரையாகும். வேளச்சேரி, பெருங்குடி என்று சதுப்புநிலத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் வெளிவிளக்குகளை மூடி போட்டு, தரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.