சேகோ ஃபேக்டரிக்கு ஒரு ரெஸ்யூம், ஏற்காடு ரிசார்ட்டுக்கு இன்னொன்று

பி.காம். முடித்துவிட்டுக் கடையில் இரண்டு வருடம் பில்லிங், கணக்கு இரண்டையும் பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் அக்கவுன்டன்ட் வேலைக்கும் ஏற்காடு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலைக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்பினால் இரண்டு இடத்திலும் ஓரம்கட்டிவிடுவார்கள். அவர்கள் தேடுகிற விஷயம் முதல் கால் பக்கத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து, என்ன வேலை செய்யவேண்டும் என்று சொல்லும் வார்த்தைகளுக்கு மட்டும் கோடு போடுங்கள். 'சுறுசுறுப்பானவர் தேவை' மாதிரி வரிகளை விட்டுவிடலாம். ஐந்தாறு தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எங்கே, எவ்வளவு, எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையா, அந்த வார்த்தையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இன்டர்வியூவில் அதைத்தான் தோண்டுவார்கள்.

'கணக்கு வேலை பார்த்தேன்' என்பதில் ஒன்றும் தெரியாது. 'டேலி பிரைமில் தினம் 40 பில் என்ட்ரி. ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11-ம் தேதிக்குள், 3பி 20-ம் தேதிக்குள் தாக்கல். இ-வே பில்' என்றால் தெரியும். (எண்ணிக்கை உங்களுடையதாக இருக்கட்டும். டேலி பிரைம் என்பது கணக்கு சாஃப்ட்வேர். ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரத்துக்கும், 3பி வரி கட்டுவதற்குமான ஜிஎஸ்டி படிவங்கள். இ-வே பில் என்பது சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ரசீது.) ஜவ்வரிசி லோடு வடக்கே மகாராஷ்டிரா வரை போகிறது. ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட இ-வே பில் வேண்டும். அதில் தப்பு வந்தால் லாரி வழியிலேயே நிற்கும். அதனால் அதை முதல் வரிக்கே கொண்டுவாருங்கள்.

ரிசார்ட்டுக்கு அதே இரண்டு வருடத்தை வேறு வரிசையில் எழுத வேண்டும். கவுன்டரில் ஆட்களைக் கவனித்தது, கேஷ், கார்டு, யுபிஐ கணக்கை இரவு சரிபார்த்து ஒப்படைத்தது மேலே. ஜிஎஸ்டி கடைசியில் ஒரே வரி. பெங்களூருக்காரர்கள் நிறைய வரும் இடம் என்பதால் கன்னடம் தெரிந்தால் மேலேயே போடுங்கள். 'மலையில் தங்கி நைட் ஷிஃப்ட் பார்க்கத் தயார்' என்பதும் அவசியம். தினமும் சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருபவரை நைட் ஷிஃப்டுக்கு நம்பத் தயங்குவார்கள்.

அப்பா பெயர், மதம், சாதி, 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எதுவும் தனியார் வேலைக்கு வேண்டாம். ஒரு பக்கம் போதும்.

பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த, டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்த டிசைன்களை வேலைவாய்ப்புத் தளங்களின் சாஃப்ட்வேர் சில சமயம் குழப்பிப் படிக்கும். பிடிஎஃப் ஆக்கியதும் முழுதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறினால் டிசைனை மாற்றுங்கள். பிரவுசிங் சென்டரில் அடித்தால் வேர்டு ஃபைலையும் மெயிலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வேலைக்குத் திருத்த அதுதான் வேண்டும்.

சேலம் உருக்காலை, ரயில்வே மாதிரி அரசு நிறுவன அறிவிப்புகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்கள் கேட்ட படிவத்தைக் கேட்டபடியே நிரப்புங்கள்.

எந்த இடத்துக்கு எதை அனுப்பினீர்கள் என்று தேதியோடு குறித்துவையுங்கள். இன்டர்வியூவுக்கு அதே பிரதியைத்தான் கொண்டுபோக வேண்டும்.